உல்லாசக் கப்பல்களில் இரவுணவு உடை

உல்லாசக் கப்பல்களில் இரவுணவு உடை என்பது, உல்லாசப் பயணக் கப்பலின் முதன்மை உணவுக்கூடத்துக்கு மாலை உணவு உண்ண வரும் பயணிகள் எவ்வாறு உடுத்தியிருக்க வேண்டும் எனக் கப்பல் நிறுவனங்கள் வகுத்துள்ள நெறியையும், அதனைச் சூழ்ந்து வளர்ந்த வழக்கங்களையும் குறிக்கும். இது எந்த நாட்டின் சட்டமும் அன்று. பயணச்சீட்டுடன் பயணி ஏற்றுக்கொள்ளும் நிறுவன விதி மட்டுமே. எனினும், உணவுக்கூட வாயிலில் நிற்கும் தலைமைப் பணியாளர் அரைக்கால் சட்டையுடன் வருபவரை உடை மாற்றி வருமாறு திருப்பி அனுப்ப இவ்விதி இடமளிக்கிறது. பணம் செலுத்திப் பயணம் செய்பவருக்கு உணவு மறுக்கப்படுவதில்லை. அதே கப்பலில் வேறோர் உணவிடத்தில் அவர் உண்ணலாம். மறுக்கப்படுவது குறிப்பிட்ட ஓர் அறையும் அங்குள்ள கூட்டமும் ஆகும். இந்நெறியின் வரலாறு பெரும்பாலும் அந்த அறைக்குள் யார் நுழையலாம் என்பதன் வரலாறாகவே இருந்துள்ளது.

வகைகள்

நிறுவனங்கள் மாலை உடையைப் பொதுவாக இரண்டு அல்லது மூன்று படிகளாகப் பிரிக்கின்றன. மிக உயர்ந்த படி "ஃபார்மல்" எனப்படும் முறைசார் மாலை ஆகும். சில நிறுவனங்கள் இதைக் "காலா" எனவும், சில "எலிகன்ட்" எனவும் அழைக்கின்றன. ஆண்களுக்கு டின்னர் ஜாக்கெட், அல்லது கழுத்துப்பட்டியுடன் கூடிய கருநிறக் கோட்டு-சூட்டு. பெண்களுக்கு மாலை கவுன், காக்டெயில் உடை, அல்லது மேலாடையும் கால்சட்டையும் இணைந்த நேர்த்தியான உடை என்பது இதன் பொருள். இரண்டாம் படி "ஸ்மார்ட் கேசுவல்" எனப்படுவது. காலர் உள்ள சட்டை, நீண்ட கால்சட்டை, மூடிய காலணி ஆகியன ஆண்களுக்குப் போதுமானவை. கோட்டு விருப்பத்துக்கு உரியது. மூன்றாவது, வெறும் "கேசுவல்". இதுவும் நீச்சலுடையைக் குறிப்பதன்று. ஈர நீச்சலுடை, கையற்ற பனியன், ரப்பர் செருப்பு, கிழிசலுள்ள ஜீன்ஸ், விளையாட்டுத் தொப்பி ஆகியவற்றை முதன்மை உணவுக்கூடத்தில் ஏறத்தாழ எல்லா நிறுவனங்களும் விலக்குகின்றன.

டின்னர் ஜாக்கெட் என்பதும் டக்சீடோ என்பதும் ஒன்றே. முன்னது பிரித்தானிய வழக்கு. பின்னது அமெரிக்க வழக்கு. நியூயார்க் மாநிலத்தில் 1886ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட டக்சீடோ பார்க் என்னும் செல்வர் குடியிருப்பின் பெயரே இவ்வுடைக்கு அமெரிக்காவில் நிலைத்தது. இலண்டன் தையல் நிறுவனமான ஹென்றி பூல், 1865ஆம் ஆண்டில் வேல்ஸ் இளவரசருக்காக, அதாவது பின்னாளில் ஏழாம் எட்வர்ட் மன்னரானவருக்காக, வாலில்லாத குட்டை மாலைக் கோட்டு ஒன்றைத் தைத்ததே இதன் தொடக்கம் என அந்நிறுவனம் கூறுகிறது. அக்காலத்தில் வால் கோட்டும் வெண்ணிறப் போ டையும் கொண்ட "ஒயிட் டை" உடைதான் முழுமையான மாலை உடையாகக் கருதப்பட்டது. குட்டைக் கோட்டு ஓய்வறைக்குரிய எளிய உடை மட்டுமே. ஒரு காலத்தில் தளர்வான உடையாக இருந்தது இன்று கப்பலில் மிகக் கடினமான உடையாகக் கருதப்படுகிறது என்பது, இத்தகைய படிநிலைகள் எவ்வளவு விரைவில் இடம் மாறுகின்றன என்பதைக் காட்டும்.

வரலாறு

லைனர் காலம்

இன்றைய உல்லாசக் கப்பலின் வழக்கங்கள் லைனர் எனப்படும் பெருங்கடல் போக்குவரத்துக் கப்பல்களிலிருந்து வந்தவை. வானூர்திகள் இல்லாத காலத்தில் ஐரோப்பாவிலிருந்து அமெரிக்காவுக்கும் ஆசியாவுக்கும் செல்ல லைனரே வழி. ஒரே கப்பலில் முதல் வகுப்பு, இரண்டாம் வகுப்பு, மூன்றாம் வகுப்புப் பயணிகள் தனித்தனித் தளங்களில் பயணம் செய்தனர். அவர்கள் ஒருவரை ஒருவர் காண்பதே அரிது. மாலை உணவுக்கு உடை மாற்றும் வழக்கம் முதல் வகுப்புக்கு உரியது. நிலத்தில் செல்வர் மாளிகைகளிலும் விடுதிகளிலும் இருந்த வழக்கத்தைக் கப்பலிலும் தொடரச் செய்வதன் மூலம், பயணி கடலில் இருப்பதை மறக்கச் செய்வது நிறுவனங்களின் நோக்கமாக இருந்தது.

உணவு வேளையைப் பல கப்பல்களில் எக்காளம் ஊதி அறிவித்தனர். உடை மாற்றுவதற்கு ஒரு முறையும், உணவுக்கு அமர்வதற்கு மறுமுறையும் ஊதப்படும். 1912ஆம் ஆண்டில் மூழ்கிய டைட்டானிக் கப்பலிலும் எக்காளம் ஊதுவதற்கென ஒருவர் பணியில் இருந்தார். அக்கப்பலில் பயணம் செய்து உயிர் தப்பியவர்களுள் ஒருவர், "லூசில்" என்னும் பெயரில் புகழ்பெற்றிருந்த இலண்டன் ஆடை வடிவமைப்பாளர் டஃப் கோர்டன் சீமாட்டி. அதே கப்பலில் இறந்த அமெரிக்கச் செல்வர் பெஞ்சமின் குகன்ஹைம், படகில் இடம் தேடாமல் உயிர்காப்பு உடையைக் கழற்றிவிட்டு மாலை உடையை அணிந்துகொண்டார் எனத் தப்பிய பணியாளர் ஒருவர் கூறியதாகச் செய்தித்தாள்கள் வெளியிட்டன. இச்செய்தி பின்னர் திரைப்படங்களிலும் இடம்பெற்றது.

எல்லோரும் இவ்வழக்கத்தைப் பாராட்டினர் என்பதற்கில்லை. 1922ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெளிவந்த எமிலி போஸ்ட்டின் நன்னடத்தை நூல், கப்பலில் நடன கவுன் அணிந்து உணவுக்கு வருவதை மோசமான இரசனை எனக் கண்டித்தது. அத்தகையோருக்குத் தம் பகட்டுடைகளைக் காட்ட வேறு இடமில்லை போலும் என்பது அவர் கருத்து. உண்மையான உயர்குடியினர் பிற்பகலுக்குரிய எளிய உடையிலேயே கப்பலில் உணவுக்கு வருவர் என்றும் அவர் எழுதினார். மிகையாக உடுத்துவது புதுப்பணக்காரரைக் காட்டிக்கொடுக்கும், குறைவாக உடுத்துவது ஏழையைக் காட்டிக்கொடுக்கும் என்ற இரட்டைப் பொறி இந்நெறியில் தொடக்கம் முதலே இருந்தது.

1930களில் இவ்வழக்கம் உச்சத்தை எட்டியது. பிரான்சின் நார்மாண்டி கப்பல் (1935) இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. அதன் முதல் வகுப்பு உணவுக்கூடம் ஏறத்தாழ 93 மீட்டர் நீளமானது. ஒரே நேரத்தில் 700 பேர் அமரலாம். வெர்சாய் அரண்மனையின் கண்ணாடி மண்டபத்தைவிட இது நீளமானது. வெளிப்புறச் சன்னல்கள் கிடையா. லாலிக்கின் கண்ணாடி வேலைப்பாடு கொண்ட விளக்குத் தூண்களே ஒளியூட்டின. பிரெஞ்சுக் கப்பல்களில் உணவுக்கூடத்துக்குள் படிக்கட்டுகள் வழியே இறங்கி வருமாறு வாயில்களை அமைப்பது விரும்பப்பட்டது. கீழே அமர்ந்திருப்போர் அனைவரும் இறங்கி வருபவரின் உடையைக் காண்பதற்காகவே இவ்வமைப்பு. கட்டடக் கலையே உடை நெறியை நடைமுறைப்படுத்தியது எனலாம்.

இவ்வளவு உடைகளையும் கொண்டுசெல்லப் பெரும் பெட்டிகள் தேவைப்பட்டன. பிரித்தானியக் கப்பல்களில் "பயணத்தின்போது தேவையில்லை" என ஒட்டுச்சீட்டு ஒட்டப்பட்ட பெட்டிகள் அடித்தளச் சரக்கறைக்குச் சென்றன. "தேவை" எனக் குறித்தவை பயணத்தின் இடையில் எடுக்கக்கூடிய இடத்திலும், எஞ்சியவை அறையிலும் வைக்கப்பட்டன. பழம்பொருள் சேகரிப்போர் இன்றும் இச்சீட்டுகளைத் தேடி வாங்குகின்றனர்.

வெப்பக் கடல்களில்

சூயசுக் கால்வாய் 1869ஆம் ஆண்டில் திறக்கப்பட்டதன் பின்னர், பி அண்ட் ஓ முதலிய நிறுவனங்களின் கப்பல்கள் செங்கடல் வழியாக மும்பை, கொழும்பு, ஆத்திரேலியா நோக்கிச் சென்றன. குளிரூட்டி இல்லாத காலத்தில், செங்கடலின் வெப்பத்தில் கஞ்சியிட்ட சட்டையும் கம்பளிக் கோட்டும் அணிந்து உணவுக்கு அமர்வது கொடுமையானது. இதற்குக் கண்ட தீர்வுகள் இரண்டு. ஒன்று, வெண்ணிற டின்னர் ஜாக்கெட். இது இன்றும் வெப்பமண்டலப் பயணங்களில் ஏற்கப்படுகிறது. மற்றது, "செங்கடல் உடை" எனப் பெயர் பெற்றது. கோட்டையும் கழுத்துப்பட்டியையும் அறவே விடுத்து, வெண்சட்டை, கறுப்புக் கால்சட்டை, இடைக்கச்சை ஆகியவற்றுடன் உணவுக்கு வருவதே அது. கடற்படையினரிடையேயும் தூதரக வட்டாரங்களிலும் இப்பெயர் நிலைத்துவிட்டது.

இங்குக் குறிப்பிட்ட இடைக்கச்சை இந்தியாவிலிருந்து சென்றது. டின்னர் ஜாக்கெட்டுடன் அணியும் அகன்ற பட்டு இடுப்புப்பட்டிக்கு ஆங்கிலத்தில் வழங்கும் "கம்மர்பண்ட்" என்னும் சொல், பாரசீகத்தில் இடுப்பையும் கட்டையும் குறிக்கும் "கமர்", "பந்த்" ஆகிய சொற்களின் சேர்க்கையான கமர்பந்த் என்பதன் திரிபு. இந்தியாவில் இருந்த பிரித்தானியப் படை அலுவலர்கள், வெப்பம் மிகுந்த இடங்களில் உள்கோட்டுக்குப் பதிலாக இதை ஏற்றுக்கொண்டனர். மேலை மாலை உடையின் மிகக் கண்டிப்பான வடிவத்தில் ஓர் ஆசியக் கச்சை இருப்பதை அதை அணிவோர் பெரும்பாலும் அறிவதில்லை.

இக்கப்பல் வழியுடன் தொடர்புபடுத்திக் கூறப்படும் மற்றொரு செய்தி தவறானது. பகட்டு என்னும் பொருளுடைய "பாஷ்" என்ற ஆங்கிலச் சொல், போகும்போது இடப்பக்க அறை, திரும்பும்போது வலப்பக்க அறை என வெயில் படாத அறைகளைப் பெற்ற செல்வரின் பயணச்சீட்டில் அச்சிடப்பட்ட எழுத்துகளிலிருந்து பிறந்தது என்பர். அவ்வாறு அச்சிட்ட சீட்டு எதுவும் இதுவரை கண்டெடுக்கப்படவில்லை. சொல்லாய்வாளர் இவ்விளக்கத்தை ஏற்பதில்லை.

மேசைக்கு வராதவர்கள்

உடை நெறி எழுதப்பட்ட இடத்தில் மட்டும் செயல்படுவதில்லை என்பதற்கு மோகன்தாசு காந்தியின் முதற் பயணம் நன்கறியப்பட்ட சான்று. 1888ஆம் ஆண்டு செப்டம்பரில், சட்டம் படிப்பதற்காக அவர் மும்பையிலிருந்து கிளைட் என்னும் கப்பலில் புறப்பட்டார். கத்தி, முட்கரண்டி ஆகியவற்றைக் கையாளத் தெரியாது. ஆங்கிலத்தில் பேசக் கூச்சம். எந்தப் பண்டத்தில் இறைச்சி இல்லை எனக் கேட்கவும் துணிவில்லை. எனவே அவர் உணவு மேசைக்கே செல்லாமல், வீட்டிலிருந்து கொண்டுவந்த இனிப்புகளையும் பழங்களையும் தம் அறையிலேயே உண்டு வந்ததாகச் சத்திய சோதனையில் எழுதியுள்ளார். கப்பலில் கறுப்பு உடை அணிந்தவர், நண்பர்கள் வாங்கித் தந்த வெள்ளை உடையைக் கரையிறங்கும் நாளுக்கெனப் பாதுகாத்து வைத்திருந்தார். செப்டம்பர் இறுதியில் சவுதாம்ப்டனில் இறங்கியபோது வெள்ளை உடையில் இருந்தவர் தாம் ஒருவர் மட்டுமே என்பதை உணர்ந்து வெட்கமுற்றதாகவும் அவர் குறிப்பிட்டுள்ளார். 43 ஆண்டுகளுக்குப் பின், 1931ஆம் ஆண்டில், இரண்டாம் வட்டமேசை மாநாட்டுக்காக ராஜ்புதானா என்னும் பி அண்ட் ஓ கப்பலில் அவர் சென்றபோது அரையாடையும் போர்வையுமே அவரது உடை. அதே உடையில் பக்கிங்காம் அரண்மனை வரவேற்புக்கும் சென்றார்.

மேசையைக் கண்டிராதவர்கள் இன்னும் பலர். சென்னை, நாகப்பட்டினம் துறைகளிலிருந்து பினாங்கு, சிங்கப்பூர் சென்ற ரஜூலா கப்பல் (1926-1973) தமிழருக்கு நன்கறிமுகமானது. அதன் பயணிகளில் மிகப் பெரும்பாலோர் திறந்த தளங்களில் பாய் விரித்துப் படுத்துச் சென்ற தளப் பயணிகள். ஒரு சிலரே அறைகளில் தங்கிச் சலூனில் உண்டனர். தோட்டத் தொழிலாளரும் சிறு வணிகரும் நிறைந்த அத்தளத்தில், மாலை உடை என்ற பேச்சுக்கே இடமில்லை. பின்னர் இவ்வழியில் சென்ற எம். வி. சிதம்பரம் கப்பலின் சேவை 1985ஆம் ஆண்டில் ஏற்பட்ட தீவிபத்துடன் முடிவுற்றது. பிரித்தானியக் கப்பல்களின் சலூன்களில் பரிமாறியவர்களுள் கோவாவைச் சேர்ந்தோர் பலர் இருந்தனர். மாலை உடை அணிந்தோரைப் பற்றி எழுதப்பட்ட அளவுக்கு, அவ்வுடையைத் தேய்த்துக் கொடுத்து, தாமும் கறையற்ற வெள்ளைச் சீருடையில் நின்று பரிமாறியோரைப் பற்றி எழுதப்படவில்லை.

தளர்வு

1958ஆம் ஆண்டில் அட்லாண்டிக்கைக் கடக்கும் ஜெட் வானூர்திச் சேவை தொடங்கியது. லைனர்கள் ஒவ்வொன்றாக ஓய்வு பெற்றன. சில உல்லாசப் பயணங்களுக்கு மாற்றப்பட்டன. போக்குவரத்துத் தேவை மறைந்தபின் கப்பலே சுற்றுலாத் தலமாயிற்று. 1972ஆம் ஆண்டில் தொடங்கிய கார்னிவல் நிறுவனம், செல்வரை விடுத்து நடுத்தர வகுப்பினரைக் குறிவைத்துக் "கேளிக்கைக் கப்பல்" என விளம்பரம் செய்தது. 1977ஆம் ஆண்டில் தொடங்கிய "லவ் போட்" என்னும் அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடர் கப்பல் பயணத்தைப் பரவலாக்கியது. வகுப்புப் பிரிவு பெரும்பாலான கப்பல்களில் மறைந்தது. ஆனால் மாலை உடை மறையவில்லை. முதல் வகுப்பின் அடையாளமாக இருந்தது, எல்லாப் பயணிகளும் ஓர் இரவு அணிந்து பார்க்கும் வேடமாக மாறியது. கப்பல் தலைவரின் வரவேற்பு விருந்து, படிக்கட்டின் அடியில் நிற்கும் புகைப்படக்காரர், விலைக்குக் கிடைக்கும் நிழற்படம் ஆகியன இதனுடன் சேர்ந்துகொண்டன.

பெரிய மாற்றம் 2000ஆம் ஆண்டில் வந்தது. நார்வீஜியன் குரூஸ் லைன் நிறுவனம் "ஃப்ரீஸ்டைல்" என்னும் பெயரில், குறித்த நேரம், குறித்த மேசை, கட்டாய முறைசார் உடை ஆகிய மூன்றையும் ஒருசேரக் கைவிட்டது. இவை மூன்றும் தொடர்புடையவை. பயணத்தின் எல்லா இரவுகளிலும் ஒரே மேசையில் அதே அறிமுகமற்றவர்களுடன் அமர வேண்டியிருக்கும்போது, உடை என்பது உடன் உண்பவருக்குக் காட்டும் மரியாதையாகிறது. விரும்பிய நேரத்தில் விரும்பிய உணவகத்துக்குச் செல்லலாம் எனில், அந்த அழுத்தம் தானே கரைந்துவிடுகிறது.

அதன்பின் பல நிறுவனங்கள் வெவ்வேறு அளவில் இவ்வழியில் சென்றன. செலிபிரிட்டி நிறுவனம் 2015ஆம் ஆண்டு இறுதியில் "ஃபார்மல்" என்ற சொல்லை நீக்கி "ஈவினிங் சிக்" எனப் பெயர் மாற்றியது. அதே ஆண்டில் கடற்பயணம் தொடங்கிய வைக்கிங் நிறுவனம் முறைசார் இரவு எதையும் வைத்துக்கொள்ளவில்லை. 2021ஆம் ஆண்டில் முதற் பயணம் மேற்கொண்ட வெர்ஜின் வாயேஜஸ் உடை நெறியையே வகுக்கவில்லை. ஆனால் ஓர் இரவு அனைவரும் சிவப்பு அணிந்து வருமாறு அழைக்கிறது. விதியை ஒழித்த இடத்தில் விளையாட்டாக அது திரும்பி வருவது கவனிக்கத்தக்கது.

தளர்வுக்குப் பணம் சார்ந்த காரணங்களும் உண்டு. பயணிகளில் பலர் கப்பல் புறப்படும் துறைமுகத்துக்கு வானூர்தியில் வருகின்றனர். சாதாரண வகுப்பில் பெட்டி ஒன்றுக்கு 23 கிலோகிராம் என்பதே பல வானூர்தி நிறுவனங்களின் எல்லை. ஓர் இரவுக்காகக் கோட்டும் தனிக் காலணியும் சுமப்பதற்குப் பலர் விரும்புவதில்லை. கூடுதல் கட்டண உணவகங்களை அதிகரிக்க விரும்பும் நிறுவனங்களுக்கும், பயணிகளை ஒரே கூடத்தில் கட்டிப்போடும் பழைய முறையைத் தளர்த்துவது நன்மையாயிற்று.

கியூனார்டு

இத்தளர்வுக்கு மாறாகப் பழைய வழக்கத்தைப் பெரிதும் காத்துவரும் நிறுவனம் கியூனார்டு. 2004ஆம் ஆண்டு சனவரியில் முதற் பயணம் மேற்கொண்ட இதன் குயீன் மேரி 2 கப்பல், சவுதாம்ப்டனுக்கும் நியூயார்க்குக்கும் இடையே இன்றும் லைனராகச் செல்கிறது. மாலை 6 மணிக்குப் பின் கப்பலின் பெரும்பாலான பொது இடங்களில் உடை நெறி செயற்படும், உணவுக்கூடம் மட்டுமன்று. சாதாரண மாலைகளில் காலர் உள்ள சட்டையும் நல்ல கால்சட்டையும் எதிர்பார்க்கப்படுகின்றன. "காலா" மாலைகளில் டின்னர் ஜாக்கெட் அல்லது கழுத்துப்பட்டியுடன் கூடிய கருநிற உடை. இம்மாலைகளுக்குக் கறுப்பு-வெள்ளை, முகமூடி, சிவப்பு-பொன் போன்ற கருப்பொருள்களும் வைக்கப்படுகின்றன. உடுத்த விரும்பாதோர் கிங்ஸ் கோர்ட் பஃபே உணவகம், கோல்டன் லயன் மதுவகம் முதலிய குறிப்பிட்ட சில இடங்களில் மாலையைக் கழிக்கலாம்.

இக்கப்பலில் அறையின் வகையைப் பொறுத்தே உணவகம் அமைகிறது. மிக விலை உயர்ந்த அறைகளில் தங்குவோர் குயீன்ஸ் கிரில், அடுத்த நிலையினர் பிரின்சஸ் கிரில், ஏனையோர் பிரிட்டானியா உணவகம். வகுப்புப் பிரிவு முற்றிலும் மறையவில்லை என்பதற்கு இது சான்று. ஆனால் மூன்று கூடங்களுக்கும் உடை விதி ஒன்றே. உடையைக் கொண்டு இன்று வகுப்பை அறிய இயலாது.

மாலைகளின் வரிசை

முறைசார் மாலைகளின் எண்ணிக்கை பயண நீளத்தைப் பொறுத்தது. கார்னிவலில் 2 முதல் 5 நாள் பயணத்துக்கு ஒன்று, 6 நாளும் அதற்கு மேலும் எனில் இரண்டு. ஏழு இரவுப் பயணத்துக்கு இரண்டு என்பது பிரின்சஸ் முதலிய பிற நிறுவனங்களிலும் காணப்படும் அளவு. இவை பெரும்பாலும் கப்பல் எத்துறைமுகத்திலும் நில்லாத கடல் நாட்களில் வைக்கப்படுகின்றன. கரைக்குச் சென்று வெயிலில் அலைந்து மாலையில் திரும்பும் பயணிக்குக் குளித்து உடை மாற்ற நேரமிராது என்பதே காரணம்.

முதல் இரவும் கடைசி இரவும் முறைசார் மாலைகளாக இருப்பதில்லை. லைனர் காலத்திலும் இவ்விரு இரவுகளில் உடை மாற்றாதிருப்பதே முறை எனக் கொள்ளப்பட்டது. இதற்குக் காரணம் நாகரிகம் அன்று, பெட்டிகள். முதல் நாள் பெட்டிகள் துறைமுகத்தில் பெறப்பட்டு, ஆயிரக்கணக்கான அறைகளுக்குப் பகிரப்பட்டு வந்து சேர மாலையாகலாம். கடைசி இரவின் பெட்டிகள் பற்றிக் கீழே கூறப்படும்.

தேசிய உடை

முறைசார் மாலைக்கு "முறையான தேசிய உடை" ஏற்கப்படும் எனப் பிரித்தானிய நிறுவனங்களின் விதிகள் கூறுகின்றன. ஸ்காட்லாந்தினரின் கில்ட் இதில் அடங்கும். முழங்கால் தெரியும் அரைக்கால் சட்டை விலக்கப்படும் கூடத்தில் முழங்கால் தெரியும் கில்ட் வரவேற்கப்படுகிறது என்பதிலிருந்து, விதி உடலை மறைப்பதைப் பற்றியதன்று, பொருளைப் பற்றியது என்பது தெளிவாகும்.

இந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் செல்லும் பெண்களுக்கு இதனால் சிக்கல் எழுவதில்லை. புடைவை எந்தக் கப்பலின் உணவுக்கூடத்துக்கும் ஏற்றது. பட்டுப் புடைவை மிக முறையான மாலை கவுனுக்கு இணையாகவே கருதப்படுகிறது. மடித்து வைத்தால் பெட்டியில் பிடிக்கும் இடமும் குறைவு. ஆண்களுக்குக் கழுத்து மூடிய பந்த்கலா கோட்டு, செர்வானி ஆகியன தயக்கமின்றி ஏற்கப்படுவன. வேட்டியின் நிலை இவ்வளவு தெளிவானதன்று. விதிகள் அதைப் பெயர் குறித்து ஏற்பதுமில்லை, விலக்குவதுமில்லை. பட்டு வேட்டி, முழுக்கைச் சட்டை, அங்கவத்திரம் என்பது முறையான தேசிய உடை என்னும் சொல்லுக்குள் ஐயமின்றி அடங்கும். ஆனால் வாயிலில் நிற்பவர் அதை முன்பின் கண்டிராதவராக இருக்கலாம். பயணத்துக்கு முன்பே நிறுவனத்துக்கு எழுதிக் கேட்டு, மறுமொழியை உடன் வைத்திருப்பது நல்லது.

வேட்டி குறித்த இதே கேள்வி நிலத்தில் எழுந்து சட்டமாகவே முடிந்ததுண்டு. 2014ஆம் ஆண்டு சூலையில், சென்னையிலுள்ள ஒரு மன்றத்தில் நடந்த நூல் வெளியீட்டு விழாவுக்கு வேட்டியணிந்து சென்ற உயர் நீதிமன்ற நீதிபதி டி. அரிபரந்தாமன் உள்ளே அனுமதிக்கப்படவில்லை. பிரித்தானியர் காலத்து மன்றங்களின் உடை விதிகள் விடுதலைக்குப் பின்னரும் தொடர்ந்ததன் விளைவு இது. அடுத்த மாதமே தமிழ்நாடு சட்டமன்றம், வேட்டியணிந்தவருக்குப் பொழுதுபோக்கு மன்றங்கள் முதலிய இடங்களில் நுழைவு மறுப்பதைத் தடை செய்து சட்டம் இயற்றியது. மீறும் மன்றத்தின் உரிமத்தை நீக்கவும், பொறுப்பானவருக்குச் சிறைத்தண்டனை விதிக்கவும் அதில் இடமுண்டு. சலூனின் விதியும் மன்றத்தின் விதியும் ஒரே காலத்தவை, ஒரே மக்களால் ஆக்கப்பட்டவை. ஆனால் இச்சட்டம் தமிழ்நாட்டு எல்லைக்குள் மட்டுமே செல்லும். உல்லாசக் கப்பல்கள் பெரும்பாலும் பகாமாசு, பெர்முடா, பனாமா, மால்ட்டா போன்ற நாடுகளின் கொடியின் கீழ்ப் பதிவு செய்யப்பட்டவை.

கருத்து வேறுபாடு

உடை நெறி பற்றிக் கப்பல் பயணிகளிடையே ஓயாத விவாதம் உண்டு. விடுமுறைக்குப் பணம் செலுத்தியவரை எப்படி உடுத்த வேண்டும் எனக் கூற நிறுவனத்துக்கு என்ன உரிமை என்பது ஒரு தரப்பு. விளம்பரத்தில் காட்டிய மாலையை நம்பிப் பணம் செலுத்தி, முறையாக உடுத்தி வந்தவர் அருகில் பனியனுடன் ஒருவர் அமர்ந்தால் அம்மாலை கெடுகிறது என்பது மறு தரப்பு. இரண்டாம் வாதத்தில் உண்மை உண்டு. கூட்டமாக உடுத்துவது தனியொருவரால் இயலும் செயலன்று. எனினும் நடைமுறையில் நிறுவனங்கள் விதியை எழுதுவதில் காட்டும் உறுதியைச் செயற்படுத்துவதில் காட்டுவதில்லை. கோட்டு இல்லாதவரை அனுமதிப்பதும், அரைக்கால் சட்டையுடன் வருபவரைத் தடுப்பதும் கப்பலுக்குக் கப்பல், சில வேளை மாலைக்கு மாலை மாறுபடும். மிகுந்த மனவருத்தம் விதியால் அன்றி இந்தச் சீரின்மையால் விளைகிறது. வாயிலில் நின்று சினத்தை ஏற்க வேண்டியவர் விதியை வகுத்தவர் அல்லர். ஒப்பந்தத்தில் பணியாற்றும் உணவுக்கூடப் பணியாளர்.

பயணிக்குரிய செய்திகள்

நிறுவனங்கள் தம் விதிகளை அவ்வப்போது மாற்றுவதால், பயணச்சீட்டு வாங்கிய பின் அந்நிறுவனத்தின் அப்போதைய விதியைப் படிப்பதே பாதுகாப்பானது. ஒவ்வொரு நாளின் உடையும் அறைக்கு வரும் நாள் நிகழ்ச்சித் தாளிலோ நிறுவனத்தின் செயலியிலோ குறிக்கப்படும்.

ஆண்களுக்குக் கருநிறக் கோட்டு ஒன்று, கால்சட்டை இரண்டு, கழுத்துப்பட்டிகள் இரண்டு இருப்பின் ஒரு வாரத்துக்குப் போதும். டக்சீடோ வாங்க வேண்டிய கட்டாயம் எந்தப் பெரிய நிறுவனத்திலும் இல்லை. தீவிபத்து அச்சத்தால் துணி தேய்க்கும் பெட்டியை அறைக்குக் கொண்டுவருவதைப் பெரும்பாலான நிறுவனங்கள் தடை செய்கின்றன. கொண்டுவந்தால் ஏறும்போதே எடுத்து வைத்துக்கொள்வர். சில கப்பல்களில் பொதுச் சலவையறையில் தேய்க்கும் வசதி உண்டு. பிறவற்றில் கட்டணத்துக்குத் தேய்த்துத் தரப்படும். முறைசார் மாலைக்கு முந்திய மணிநேரங்களில் சலவையறையில் நீண்ட வரிசை நிற்கும். உணவுக்கூடங்களில் குளிரூட்டல் கடுமையாக இருப்பதால் வெப்பமண்டலப் பயணத்திலும் சால்வை ஒன்று பயன்படும். கடல் கொந்தளிக்கும் இரவில் உயர்ந்த குதிகால் செருப்பு இடர் தரும்.

பயணத்தின் கடைசி இரவில், பெட்டிகளை அடுக்கிக் குறித்த நேரத்துக்குள் அறைக்கு வெளியே வைக்க வேண்டும். இரவோடிரவாக அவை கீழ்த் தளத்துக்கு எடுத்துச் செல்லப்படும். மறுநாள் காலை அணிய வேண்டிய உடையையும் காலணியையும் சேர்த்தே பெட்டியில் அடுக்கிவிட்டு, இரவு உடையில் கரையிறங்க நேர்ந்த பயணிகளைப் பற்றிய கதைகள் கப்பல் பணியாளர்களிடையே ஏராளம்.